பஸ் நிறுத்தத்தில் ஆள் நிற்க விடாத சித்தப்பாவுக்கு

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் பணிவுடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அங்கு நீங்களும் சித்தியும் நலம் என்பதைச் சற்று முன் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் அடுக்கடுக்காகத் தும்மியதிலிருந்தும், அதற்குச் சித்தி போட்ட சத்தத்திலிருந்தும் தெரிந்துகொண்டேன். ஒரே சுவரை வைத்துக்கொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் சொல்லத்தான் பலமுறை உங்கள் வாசலுக்கு வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பைக் சாவியை எடுத்துக்கொண்டு, "எங்கம்மா போகணும்? ஏறு" என்றீர்கள். கடைசியாக வந்தபோது எங்கும் போக வேண்டிய வேலையே இல்லாமல் மெயின் ரோடு வரை போய்த் திரும்பி வந்தேன்.

ஆகவே எழுதுகிறேன். பேச்சில் இல்லாத தைரியம் எனக்கு எழுத்தில் கொஞ்சம் உண்டு. கோபமாக எழுதுவதை மன்னிக்கவும் என்று ஆரம்பிக்க நினைத்தேன். வேண்டாம், மன்னிக்க வேண்டாம். முழுதாகப் படித்தால் போதும்.

நம் ஊருக்கு பஸ் வேண்டும் என்று நீங்கள் செருப்புத் தேய நடந்ததை நான் மறக்கவில்லை. உங்கள் மனுக்களை எல்லாம் பள்ளிக்கூட நாளிலிருந்து எழுதியவளே நான்தான். "முதியோர், நோயாளிகள், மாணவர்கள் நலன் கருதி" என்ற வரியை எழுதி எழுதித்தான் என் கையெழுத்து திருந்தியது. நம் குடும்பத்தில் யாரும் மிதிக்காத கல்லூரியை நான் மிதித்து, பட்டம் வாங்கி, வெளியேயும் வந்துவிட்டேன், பஸ் வரவில்லை. பஸ் வருவதற்கு முன்பே ஊர் உங்களை 'பஸ்காரர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

கடைசியில் வந்தது. ஒரு மாதம் வெள்ளோட்டம். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. நம் நிறுத்தத்தில் ஆள் ஏறி இறங்கினால் நிரந்தரம், இல்லாவிட்டால் வண்டி வேறு ஊருக்கு. முதல் நாள் ஊரே திரண்டு நின்றோம். நீங்கள் முன்கண்ணாடியில் ஒட்டிய வண்ணக் காகிதத்தில் டிரைவருக்கு ரோடே தெரியவில்லை. எல்லோரும் கை தட்டினோம். பஸ் கிளம்பிப் போனது. அதில் ஒருவரும் ஏறவில்லை என்பதை அது வளைவில் மறைந்த பிறகுதான் கவனித்தோம்.

சரி, முதல் நாள் சந்தோஷம் என்று விட்டுவிடலாம். மறுநாளிலிருந்து நடப்பதற்கு என்ன பெயர் வைப்பது? நம் ஊரில் ஒருவர் ரோட்டோரம் நிற்கும்போது இன்னொருவர் வண்டியில் அவரைக் கடந்து போய்விட்டால் அது பகை. ஏறச் சொல்லி ஏறாவிட்டால் அதைவிடப் பெரிய பகை. பஸ் இல்லாத காலத்தில் அப்படித்தான் ஒருவரையொருவர் சுமந்து பிழைத்தோம், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் பஸ் வந்த பிறகும் அதே வேலையா? தையல்காரர் ஒரு நாள் வாய் தவறி, "நீங்க போங்க, நான் பஸ்ல வர்றேன்" என்று சொல்லிவிட்டார். மாவு மில்காரர் வண்டியை நிறுத்தி, "ஏன், என் சீட்டுல முள்ளா இருக்கு?" என்று கேட்டார். இன்று வரை இருவரும் பேசிக்கொள்வதில்லை. மில்காரர் தன் சட்டையைத் தைக்க டவுனுக்குப் போகிறார், அதுவும் பைக்கில்.

வண்டி வைத்திருக்கிற அத்தனை பேரும் பஸ் வரும் நேரத்துக்குச் சற்று முன்புதான் வீட்டை விட்டுக் கிளம்புகிறீர்கள். வரும் வழியில் நிறுத்தத்தைத் துடைத்து வைத்ததுபோல் ஆக்கிவிட்டுப் போகிறீர்கள். பஸ் வந்து நிற்கும்போது நிழற்குடையின் கீழே ஒரு நாய் மட்டும் படுத்திருக்கிறது. கண்டக்டர் அதைப் பார்த்து, "நீயாவது ஏறேன்டா" என்றாராம்.

"அதான் வண்டி கிடைக்குதே, அப்புறம் என்ன?" என்று நீங்கள் கேட்பது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கிறது. கேளுங்கள் சித்தப்பா. நான் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். காலையில் வெறும் வயிற்றோடு ஆட்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், சர்க்கரைக்காரர்கள் பாதிப் பேர். நான் போய் ஊசி போட்டு ரத்தம் எடுத்தால்தான் அவர்கள் வாயில் ஏதாவது போட முடியும். நான் தாமதமாகப் போனால் அவர்கள் பார்க்கிற பார்வையில் எனக்குத்தான் சர்க்கரை இறங்குகிறது. முதல் வாரம் ஒரு நாள் பால்காரர் ஏற்றிக்கொண்டார். வீட்டுக்கு வீடு நின்று ஊற்றிக்கொண்டே போனார், கேனைப் பிடித்துக்கொண்டது நான். மறுநாள் மாவு மில்காரர். கூடத்துக்குள் நுழைந்ததும் எங்கள் மேற்பார்வையாளர் அம்மா என் தலையைப் பார்த்து, "நேத்து வரைக்கும் கருப்பாத்தானே இருந்துச்சு?" என்றார். அதற்கடுத்த நாள் தச்சர். ஒரு ஜன்னல் சட்டத்தை எடுத்துப் போகிறார், பிடிக்க ஆள் இல்லை, என் தலை வழியாக மாட்டிவிட்டு, "ஆடாம உக்காரும்மா, வார்னிஷ் காயலை" என்றார். டவுன் முழுக்க என்னை ஜன்னல் வழியாகப் பார்த்தது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாதா என்பீர்கள். தெரியாது. நான் கூச்சப்படுகிறவள் என்று ஊருக்கே தெரியும், அதனால்தான் என் 'வேண்டாம்' எல்லோருக்கும் 'சரி' என்றே கேட்கிறது.

நீங்கள் மட்டும் சளைத்தவரா? போன வாரம் பாதி வழியில் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று திரும்பினீர்கள். அது உங்கள் ஹெல்மெட்டுக்கு மேலேயே மாட்டியிருந்தது. நான் சொன்னேன், ஹெல்மெட்டில் உங்களுக்குக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடிவிட்டு வந்தோம். வீட்டுக்குத் திரும்பும்போதே நம் பஸ் டவுனுக்குப் போக எதிரே வந்தது, நீங்கள் சந்தோஷமாகக் கை ஆட்டினீர்கள், டிரைவர் கை ஆட்டவில்லை. அன்று மேற்பார்வையாளர் அம்மா சத்தம்கூடப் போடவில்லை. "ஊருக்கு பஸ் வந்துடுச்சுன்னு சொல்லித்தானே சேர்ந்த? இன்னும் ஒரு நாள் லேட்டா வந்தா, வெள்ளைக் கோட்டைக் கழட்டி வச்சிட்டு அப்படியே போயிடு" என்று மெதுவாகத்தான் சொன்னார். அப்பாவின் இடுப்பு இனி மூட்டை தூக்காது என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கோட்டில்தான் சித்தப்பா.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நேற்று, வெள்ளிக்கிழமை, நீங்கள் செய்த காரியத்தைப் பொறுக்க முடியாது. மாலை பஸ்ஸில் நான் ஒருத்திதான் பயணி. கண்டக்டர் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து, "உங்க ஊர்ல ஆளைக் கடத்துறவங்க இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். விஷயம் என்னவென்றால், நம் நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ண ஓர் அதிகாரியைக் காலையிலேயே ஜீப்பில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். எண்ணுகிறவர் பஸ்ஸில் போகக் கூடாதாம், போனால் கணக்கில் ஓர் ஆள் கூடிவிடுமாம். அதனால் அவர் நிழற்குடையில் நின்றிருக்கிறார். "யாரோ ஒருத்தர் பைக்ல வந்து, வெயில்ல நிக்கிறீங்களேன்னு பையைப் பிடுங்கி முன்னாடி மாட்டிக்கிட்டாராம். இவரு நான் வரலை, நான் நிக்கத்தான் வந்திருக்கேன்னு கத்தியிருக்காரு. அந்த ஆளு காதுலயே வாங்கலையாம். டவுன் பஸ் ஸ்டாண்ட்ல கொண்டு வந்து இறக்கிட்டு, பத்திரமாப் போங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம்."

வீட்டுக்கு வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே சித்தியிடம், "பாவம்டி, ஒரு வெளியூர் மனுஷன். ரொம்பக் கூச்ச சுபாவம், நம்ம அண்ணன் பொண்ணு மாதிரி. வேணாம் வேணாம்னாரு. நான் விடுவேனா?" என்று சொன்னீர்கள். சித்தி, "நல்லதுதான் செஞ்சீங்க" என்றார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றியது. முட்டினால் நீங்கள் எட்டிப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு ஏறு என்பீர்கள் என்று பயந்து விட்டுவிட்டேன்.

அந்த அதிகாரி இனி நம் ஊர்ப் பக்கமே வர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். திங்கட்கிழமை வேறொருவர் வருகிறார். அதுதான் கடைசி எண்ணிக்கை. அன்றும் நாய்தான் இருந்தால் பஸ் போய்விடும், பின்னாலேயே என் வேலையும் போய்விடும். ஆகவே சித்தப்பா, திங்கட்கிழமை பைக்கை எடுக்காதீர்கள். சாவியைச் சித்தியிடம் கொடுங்கள். நீங்கள் நிறுத்தத்தில் வந்து நில்லுங்கள். பால்காரரையும் மில்காரரையும் ஆள் ஏற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் பேச்சுக்குத்தான் ஊர் நிற்கும். யாராவது "ஏறு" என்றால், நான் சொல்லத் தெரியாத அந்த ஒரு வார்த்தையை எனக்கும் சேர்த்து நீங்கள் உரக்கச் சொல்லுங்கள். பஸ்ஸுக்காக நடந்தது போதும், ஒரு நாள் அதில் ஏறுங்கள்.

வயதில் சிறியவள் கை நீட்டிப் பேசியதாக நினைக்க வேண்டாம்; பேசவில்லை, எழுதித்தான் இருக்கிறேன். சித்திக்கு என் அன்பு. உங்கள் பெண், என் தங்கச்சிக்கும் அன்பு. அந்தத் தும்மலுக்குச் சூடாக ஏதாவது குடியுங்கள்.

என்றும் உங்கள் மீது மரியாதையும் தற்போது கோபமும் உள்ள,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: இதைத் திங்கட்கிழமை காலை பரிசோதனைக் கூடத்திலிருந்து அவசரமாகச் சேர்க்கிறேன். சனியும் ஞாயிறும் உங்களிடம் கொடுக்கத் தைரியம் வராமல் கடிதம் என் பையிலேயே இருந்துவிட்டது. இன்று காலை, ஒருவேளை பஸ் தாமதமானால் வேலை போய்விடுமே என்ற பயத்தில், இன்று ஒரு நாள் மட்டும் என்று தங்கச்சியின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். நிழற்குடையில் முன்பின் தெரியாத ஓர் அம்மா பையோடு தனியாக நின்றார். எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, வண்டி தானாக நின்றது. "ஏறுங்கம்மா" என்றேன். "இல்லம்மா, நான் இங்கதான் நிக்கணும்" என்றார். "சும்மா கூச்சப்படாதீங்க, இந்த பஸ்ஸ நம்பி யாராவது நிப்பாங்களா?" என்று நானே என் வாயால் சொல்லி, பையை வாங்கி முன்னால் மாட்டிவிட்டேன். பாதி வழியில் நம் பஸ் ஊரை நோக்கி எதிரே போனது. அந்த அம்மா அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, "உங்க ஊர்ல யாருக்குமே காது கேக்காதா?" என்றபோதுதான் எனக்கு உறைத்தது.

முதன்முறையாக நேரத்துக்கு வந்துவிட்டேன். மேற்பார்வையாளர் அம்மா, "தினமும் இப்படியே வா" என்று பாராட்டினார். அந்த அதிகாரி அம்மா எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் கோட்டு மாட்டிக்கொண்டு வருவதற்குள், வேண்டாம் என்றவரைப் பிடித்து உடன் வேலை செய்யும் பெண் ரத்தம் எடுத்துவிட்டாள். மாலை பஸ்ஸில் இறங்குகிறவர்களையாவது எண்ணுகிறேன் என்று பெரிய மனது பண்ணிச் சொல்கிறார். ஆனால் பஸ்ஸில் வரக் கூடாது என்கிறது அவர்கள் சட்டம். உங்கள் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரையோ ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். அதனால் இதை டவுனில் பால் ஊற்றிவிட்டு ஊர் திரும்பும் பால்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். மேலே எழுதியதையெல்லாம் அப்புறம் படியுங்கள். உடனே பைக்கை எடுத்துக்கொண்டு வந்து, இந்த அம்மாவை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள். நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி மட்டும் பார்க்காதீர்கள் சித்தப்பா. பார்த்தால் ஏற்றிக்கொள்வீர்கள்.