பால் சேர்க்காத டீ

"இன்னும் கொஞ்சம் அடர்த்தியா வேணும்" என்றான் ஃபின்டன். ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் விஸ்கி கிளாஸ். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நுவாலா கெட்டிலை நங்கென்று வைத்தாள். "ஏங்க, குடிக்கப் போறீங்களா, சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போறீங்களா? பேசாம எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்."

"என்னன்னு சொல்ல? விஸ்கி வடிக்கிறவன் ஆயுசுல ஒரு சொட்டு விஸ்கி குடிச்சதில்லைன்னா?"

அதுதான் சங்கதி. தேவாலயத்தில் உறுதிபூசுதல் என்ற சடங்கு நடக்கும் பன்னிரண்டு வயதுவாக்கில், மதுவைத் தொடமாட்டேன் என்று திரு இருதய ஆண்டவர் முன் சத்தியம் செய்து, நெஞ்சில் சின்னப் பதக்கம் குத்திக்கொள்ளும் பிள்ளைகள் அயர்லாந்தில் ஏராளம். மீசை முளைத்ததும் முக்கால்வாசிப் பேர் பதக்கத்தைக் கழற்றிவிட்டு பப்புக்குள் நுழைந்துவிடுவார்கள். ஃபின்டன் நுழையவில்லை. கேட்டால், "ஆண்டவர்கிட்ட குடுத்த வாக்கு" என்பான், அவ்வளவுதான்.

வேலை பார்த்த பால்பண்ணையை மூடியபோது அவனிடம் மிஞ்சியது மூக்கு ஒன்றுதான். பாலை முகர்ந்தே பசு எந்த வயலில் மேய்ந்தது என்று சொல்லுகிற மூக்கு. மனைவியின் ஊரான மேயோ கடற்கரைப் பக்கம் வந்து சேர்ந்தான். மாமனார் நிலத்தில் பார்லி விளைந்தது, பழைய களஞ்சியம் ஒன்றும் சும்மா கிடந்தது. பதக்கத்தை யார் கண்ணிலும் படாமல் மேசை டிராயருக்குள் போட்டான். முளைகட்டிய பார்லியையும் பச்சைப் பார்லியையும் கலந்து, அந்த நாட்டு வழக்கப்படி செம்புக் கொப்பரையில் மூன்று தரம் வடித்து, பீப்பாய்களில் அடைத்தான். எல்லாம் மூக்கை வைத்துத்தான். பப்பில் ஜிஞ்சர் ஏல் என்கிற இஞ்சி சோடாவை விஸ்கி கிளாஸில் வாங்கி உறிஞ்சி, ஊர்க்காரர்களிடம் பெரிய குடிகாரன் என்று பெயரும் எடுத்துவிட்டான்.

மூன்று வருடம் மரத்துக்குள் தூங்கினால்தான் அதற்கு விஸ்கி என்று பேர் வைக்க முடியும். இன்றைக்கு அந்த மூன்று வருடம் முடிகிறது. முதல் பீப்பாயைத் திறக்கிறார்கள். டப்ளினிலிருந்து லோர்க்கன் டூஹி வருகிறார். நாடெங்கும் பப் நடத்தும் பெரிய கம்பெனிக்கு விஸ்கி பொறுக்கிக் கொடுப்பவர். அவர் தலையசைத்தால் பிழைப்பு. உதட்டைப் பிதுக்கினால் அடகில் இருக்கும் வீடு, நிலம், களஞ்சியம் எல்லாம் அம்போ. இதில் ஒரு சம்பிரதாயம் வேறு: வடித்தவன் தன் கிளாஸை எல்லார் முன்னாலும் ஒரே மூச்சில் காலி செய்யவேண்டும்.

"நிறம் சரி" என்றான் ஃபின்டன் கடைசியில். "ஆனா டீ வாசம் காட்டிக் குடுத்துடுமே?"

"ஃபாதர் மாலக்கி மந்திரிக்க வரார்ல? சாம்பிராணி போடச் சொன்னா ஆச்சு."

"எந்த கிளாஸ் டீன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"விளிம்பு உடைஞ்ச கிளாஸ் ஒண்ணு கிடக்கு. அதுல ஊத்திக்கோங்க."

ஃபின்டனுக்கு மனைவியைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

டூஹி நெடுநெடுவென்று இருந்தார். கொப்பரைச் சூட்டில், களஞ்சியத்தில் கூடியிருந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் சட்டையைத் தளர்த்திக்கொண்டிருக்க, அவர் மட்டும் கோட்டைக் கழுத்துவரை பொத்தானிட்டிருந்தார். பீப்பாய் அடைப்பைப் பிடுங்கியதும் குனிந்து முகர்ந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

அடுத்து ஃபாதர் மாலக்கி தூபக்கலசத்தை ஆட்டினார். கேட்டுக்கொண்டார்களே என்று தாராளமாகவே ஆட்டினார். களஞ்சியம் புகையில் மறைந்தது.

"ஹச்!" என்றான் ஃபின்டன்.

பீப்பாய்க்குப் பின்னால் நின்று நான்கு கிளாஸில் விஸ்கியும், விளிம்பு உடைந்ததில் டீயும் ஊற்றுவதற்குள் தும்மித் தும்மி மூக்கு முழுசாக அடைத்துக்கொண்டது. நுவாலாவின் அண்ணன் ஜார்லத் ஓடிவந்தான்.

"மாப்ள, இப்படித் தும்மினா விஸ்கியில விழும். நீ போய் முன்னால நில்லு, ட்ரேயை நான் கொண்டாறேன்."

ட்ரே வந்தது. ஐந்து கிளாஸ். ஐந்தின் விளிம்பும் முழுசாக இருந்தது.

"மச்சான்..." ஃபின்டன் அவன் காதருகே குனிந்தான். "உடைஞ்ச கிளாஸ் ஒண்ணு இருந்துச்சே?"

"அதை ஏன் கேக்குற! டப்ளின்காரர் வாயைக் கிழிச்சிருக்கும். அப்படியே நல்ல கிளாஸுக்கு மாத்திட்டேன். எனக்கு ஒரு நன்றி சொல்லு."

ஃபின்டன் ட்ரேயைப் பார்த்தான். ஐந்தும் ஒரே நிறம். காலையிலிருந்து பாடுபட்டுக் கொண்டுவந்த நிறம். முகர்ந்து பார்க்க மூக்கும் இல்லை.

விருந்தாளி என்ற முறையில் டூஹி முதலில் கையை நீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார். ஃபாதர் ஒன்று, ஜார்லத் ஒன்று, நுவாலா ஒன்று. மிச்சம் இருந்தது ஃபின்டனுக்கு. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

'ஆண்டவரே, டீயா இருக்கட்டும்' என்று கண்ணை மூடி ஒரே மூச்சில் கவிழ்த்தான்.

தொண்டையிலிருந்து அடிவயிறு வரை நெருப்பு இறங்கியது. பன்னிரண்டு வயதில் கொடுத்த வாக்கு போயே போய்விட்டது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அதைவிடக் கொடுமை, விஸ்கி அநியாயத்துக்கு நன்றாக இருந்தது.

"பாருங்க, உழைச்சவன் கண்ணீர்!" என்று யாரோ உருகினார்கள். கைதட்டல் எழுந்தது.

ஃபாதர், "இன்னொரு கிளாஸ் மந்திரிக்கலாமா?" என்றார். ஜார்லத்தின் முகம் சிவந்துவிட்டது. நுவாலா கணவன் காதில், "என்னுதும் எரியுது" என்றாள்.

அப்படியானால் டீ யாரிடம்? ஃபின்டன் மெல்ல டூஹி பக்கம் திரும்பினான்.

டூஹி கண்மூடிச் சப்புக்கொட்டினார். "அபாரம்! இந்த வேலைக்கு வந்த நாளா இப்படி ஒண்ணு என் நாக்குல பட்டதில்லை. எல்லாப் பீப்பாயையும் எடுத்துக்கறேன்."

ஜனம் ஃபின்டனைத் தோளில் தூக்கிவிட்டது. தோளில் உட்கார்ந்திருந்தவனுக்கோ நெஞ்சு குறுகுறுத்தது. சத்தியம்தான் போச்சு, மானமாவது மிஞ்சட்டும் என்று இறங்கி, மழையில் டூஹியின் கார் வரைக்கும் ஓடினான்.

"சார், மன்னிச்சிருங்க. நீங்க குடிச்சது விஸ்கி இல்லை. வெறும் டீ. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

"டீன்னு தெரியும்" என்றார் டூஹி.

"தெரியுமா? பின்னே எப்படி வாங்குறீங்க?"

"பீப்பாயைத் திறந்தப்பவே மோந்து பார்த்தேனே. உங்க விஸ்கி தங்கம்யா. எனக்கு மூக்கு போதும்." டூஹி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கோட்டின் மேல் பொத்தான்களைக் கழற்றினார். உள்சட்டையில், நெஞ்சுக்கு நேரே, அதே சின்னப் பதக்கம். ஃபின்டன் வாய் பிளந்தான்.

"ஊர் ஊரா விஸ்கியைப் பூந்தொட்டியில ஊத்தியே காலம் தள்றவன் நான். அந்தப் புகையிலயும் ட்ரேயில டீ வாசம் வந்துச்சு. அடடா, நம்ம சத்தியம் தெரிஞ்ச புண்ணியவான் நமக்குன்னே போட்டு வச்சிருக்கான்னு முந்திக்கிட்டு எடுத்துட்டேன்" என்றவர், ஃபின்டன் பக்கம் குனிந்து மூக்கை உறிஞ்சினார். "ஆமா, உங்க வாயில விஸ்கி வாசம்ல அடிக்குது? அப்போ அந்த டீ யாருக்கு வச்சது?"