முன்கூட்டியே செலுத்திய மொட்டை

சித்தூர் மாங்கூழ் தொழிற்சாலை வாசலில் ஹேமநாத் ஹெல்மெட்டைக் கழற்றியதும், மொட்டைத் தலையைப் பார்த்து அவனோடு வேலை செய்யும் தேவயானிக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கை நிச்சயதார்த்தம் என்று லீவு போட்டிருந்த அவளும் அன்றுதான் திரும்பியிருந்தாள்.

“நைனா எப்பண்ணா போனாரு?”

அவனைப் பெற்ற நைனா செங்கல்வராயன் அந்த நேரத்தில் நகரியில் நான்காவது இட்லியைத் தின்றுகொண்டிருந்தார்.

சீசன் நேரத்தில் லீவு கிடைக்காது. அதனால் நைனாவை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொல்லிவிட்டு ஹேமநாத் போனது திருப்பதிக்கு. அங்கே ஓர் ஓட்டலில், உச்சத் திறனோடு வாழ்வது எப்படி என்று இரண்டு நாள் வகுப்பு. முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“நினைச்சது நடந்திடுச்சுன்னு நம்புங்க. நடந்த மாதிரியே நடந்துக்குங்க” என்றார் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்த பயிற்சியாளர்.

ஹேமநாத் நினைத்தது சூப்பர்வைசர் வேலை. கிடைத்தால் மொட்டை என்று வேண்டுதல். கிடைத்துவிட்டதாக நம்பி, மறுநாள் வகுப்பை விட்டுவிட்டுத் திருமலைக்குப் போய், மீசையோடு சேர்த்துச் செலுத்திவிட்டு வந்தான்.

இப்போது உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தான். ஆனால் அனுதாபத்தில் கிடைத்தாலும் வேலை வேலைதானே.

“சனிக்கிழமைம்மா” என்றான்.

மத்தியானத்துக்குள் எல்லோரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காத்தார்கள். மேனேஜர் ஹரிபாபு அவனை அறைக்குள் அழைத்தார்.

“காரியம்கூட முடியல, வேலைக்கு வந்துட்டியேப்பா.”

“சீசன் ஆச்சே சார்.”

“கொள்ளி யாரு வெச்சது?”

“நான்தான் சார். ஒரே பையன்.” குரலைக் கொஞ்சம் உடைத்துக்கொண்டான்.

ஹரிபாபு மேஜையிலிருந்த கடிதத்தை மடித்து உள்ளே வைத்தார். “உன்னைத்தான் சூப்பர்வைசரா போட்டு லெட்டர் அடிச்சு வெச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை மெஷினுக்குப் பூஜை. சூப்பர்வைசர்தான் தேங்கா உடைக்கணும். கொள்ளி வெச்ச கையில எப்படிப்பா குடுக்கறது? வருஷம் திரும்பட்டும்.”

“சார், நைனா உயிரோடதான் இருக்காரு.”

“இருப்பாருப்பா. நம்ம மனசுல எப்பவும் இருப்பாரு.”

“இல்ல சார், நகரியில இருக்காரு.”

“பொறந்த மண்ணாச்சே. அந்த ஆத்மா வேற எங்க போவும்?”

போன் போட்டுக் காட்டலாம். காட்டினால் லீவுப் பொய் வெளியே வரும். இருக்கிற வேலையும் போகும். ஹேமநாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். இந்தத் தடவை நிஜக் கண்ணீர்.

வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்தது தேவயானி. ஒரே போடில் சரிபாதியாக உடைந்தது. அவன் ஓரமாக நின்று பார்த்தான்.

பூஜை முடிந்ததும் ஒரு தேங்காய்ச் சில்லை எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள்.

“ரெண்டாம் நாள் கிளாஸை வுட்டுட்டு மலைக்குப் போயிட்டீங்களேண்ணா, மொத நாள் நான் உங்களுக்குப் பின்வரிசையிலதான் உக்காந்துகினு இருந்தேன்.”