நான் மொழிபெயர்த்த நாடாளுமன்றம்

எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர்களுக்கெல்லாம் ஆங்கிலம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இருக்கும்வரை இந்த நாட்டில் விபத்துகள் நடந்துகொண்டேதான் இருக்கும். அப்படி ஒரு விபத்து நான்.

அப்போது திருவாரூரில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். ஆப்பிரிக்க நாடு ஒன்றிலிருந்து நான்கு எம்.பி.க்கள், நம் சட்டமன்றத்தோடு அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள வந்திருந்தார்கள். சென்னையில் சட்டசபையைப் பார்த்துவிட்டு, ஜனங்களே தீர்மானம் போடும் கிராமசபையையும் பார்க்க வேண்டும் என்றார்களாம். அதிகாரிகள் குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். மொழிபெயர்க்க, உள்ளூர்ப் பெண்ணான என்னையும். (மறுத்திருக்கலாம். பேப்பரில் போட்டோ வரும் என்றார்கள்.)

எங்கள் ஊருக்கு அன்று ஒரே கவலைதான். வாய்க்கால் மேடிட்டுக் கிடந்தது, கடைசி வயல்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை. பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும்போதே தூர்வாரச் சொல்லித் தீர்மானம் போட்டுவிட வேண்டும் என்று சமுதாயக்கூடம் நிரம்பியிருந்தது. கடைசி வரிசையில் அப்பா, சலவைச் சட்டையில்.

குழுத் தலைவியான பெண் எம்.பி. ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: "எங்கள் அவையில் முக்கியமான ஓட்டெடுப்புக்கு உறுப்பினர்கள் வராமல் இருக்க முடியாது. விப் இருக்கிறார்."

விப் என்றால் கட்சிக்காரர்களை ஓட்டுப்போட இழுத்து வரும் கொறடா. சவுக்கு என்றும் பொருள் உண்டு. எனக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும். அவை என்பதற்கு அவர் சொன்ன 'ஹவுஸ்' என்ற ஆங்கிலச் சொல்லும் எனக்கு வீடாகத்தான் கேட்டது.

"எங்க வீட்டுல முக்கியமான ஓட்டுக்கு யாராச்சும் வரலன்னா, சவுக்கு இருக்கு" என்றேன், மைக்கில், கணீரென்று.

வேறு ஊராயிருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருடைய தாத்தாக்கள் பண்ணையாளாக இருந்து சவுக்கடி பட்டவர்கள். என் தாத்தாவும்தான்.

வார்டு உறுப்பினரான அஞ்சலை சித்தி எழுந்தார். "ஓட்டுக்கு வரலன்னா அடிப்பாங்களா?"

(இப்போதாவது எம்.பி.யிடம் கேட்டிருக்கலாம். எம்.ஏ. படித்தவள் சந்தேகம் கேட்பதா?) "அவங்க ஊர் வழக்கம் போலிருக்கு சித்தி."

"எங்க மாமனாரு முதுகுத் தழும்போடதான் செத்தாரு. இவங்ககிட்ட நாம என்னத்தக் கத்துக்கறது? அடிக்காம கூட்டம் கூட்டுறது எப்படின்னு நாங்க சொல்லித் தர்றோம். எழுதிக்கச் சொல்லு!"

கூடமே கைதட்டியது. வரவேற்பு என்று நினைத்து நான்கு எம்.பி.க்களும் சேர்ந்து தட்டினார்கள். பிறகு தலைவி ஆவலோடு என்னிடம் கேட்டார், "அந்த அம்மா என்ன சொன்னார்?"

சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலிருந்த அதிகாரி பல்லைக் கடித்தார். "கொறடாம்மா, கொறடா! பேப்பரே படிக்க மாட்டீங்களா?"

மறுபடி மைக்கைப் பிடித்து, சவுக்கு என்றது கொறடாவை என்றும், வீடு என்றது நாடாளுமன்றத்தை என்றும், தப்பு முழுக்க என்னுடையது என்றும் ஒப்புக்கொண்டேன். "இதுக்காடி உன்னைப் படிக்க வச்சேன்?" என்றார் அப்பா. அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

கூடமே சிரித்தது. தலைவி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துபோய் சித்தியின் பக்கத்தில் நின்று, தன் பாட்டனும் வெள்ளைக்காரன் தோட்டத்தில் அடி வாங்கியவர்தான் என்றார். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

சித்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீயும் நம்ம ஆளுதானா? உக்காரு, டீ குடி."

கூட்டம் மறுபடி கிளம்பிவிடுமோ என்ற பயத்தில், தீர்மானத்தை முழுசாகப் படிப்பதற்குள் அதிகாரி, "இந்த மாசமே தூர்வாரிடறோம்" என்று அறிவித்துவிட்டார். தூர்வாரியும் விட்டார்கள். அந்தப் பெருமை சித்திக்குப் போனது. போட்டோவில் என் முழங்கை மட்டும் வந்தது.

எனக்குக் கிடைத்தது ஒரு பெயர். போன வருடம் பள்ளிக்கூடத்தில், அம்மா பெயர் என்ன என்று கேட்டதற்கு என் மகள் யோசிக்காமல் "கொறடா" என்றிருக்கிறாள். டீச்சர் அதைப் பதிவேட்டில் எழுதியும் வைத்துவிட்டார்.