நெல்டாவின் படிப்பும் ரொட்டிக்காரரின் கட்டைவிரலும்

வால்திவியா,
ஜூலை மாதத்து மழைநாள் ஒன்று

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் லியோன்சியோ அவர்களின் சமுகத்துக்கு,

தங்கள் தங்கை நெல்டாவின் கணவன் எவாரிஸ்தோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அதாவது உங்கள் தங்கை நலம், விறகடுப்பு நலம், சாந்தியாகோவில் இருக்கும் எங்கள் மகன் ஒரு மாதமாகப் பேசவில்லையாதலால் அவனும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். அங்கே தீவில் நீங்களும், எர்மெலிந்தா அக்காவும், அக்காவின் முழங்கால் வலியும் எப்படி? நீங்கள் அனுப்பிய உருளைக்கிழங்கு மூட்டை நல்லபடியாக வந்து சேர்ந்தது. அதனால் எனக்கு நேர்ந்த கதியைக் கீழே எழுதியிருக்கிறேன். அது உங்கள் குற்றமில்லை.

மச்சான், நீங்கள் உடனே புறப்பட்டு வந்து உங்கள் தங்கையின் படிப்பை நிறுத்தச் சொல்ல வேண்டும். அவள் கொஞ்சமாவது பயப்படுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். வானொலியில் கடல் நிலவரம் வாசிப்பதைக் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறாள். நான் படிப்புக்கு விரோதி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அவள் எங்கள் மகன் பிறப்பதற்கு முன்பிருந்தே ஆஸ்பத்திரியில் ஆக்குபேஷனல் தெரபி பார்க்கிறவள். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடவும் கரண்டி பிடிக்கவும் மறுபடி சொல்லிக்கொடுத்து, இந்த ஊரில் பாதிப் பேரைத் தன் கையால் சோறு தின்ன வைத்தவள். அப்படிப்பட்டவள் போன இலையுதிர் காலத்தில் ஒருநாள், ஏற்கெனவே இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கென்றே பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பு இருக்கிறது, சேரப்போகிறேன் என்றாள். உனக்குத் தெரியாததை எவன் சொல்லிக்கொடுக்கப் போகிறான் என்று கேட்டேன். "இத்தனை வருஷமா கைப்பழக்கத்துல செஞ்சுட்டேன் எவாரிஸ்தோ. ஏன் அப்படிச் செய்யறேன்னு எனக்கே தெரிஞ்சுக்கணும்" என்றாள். சரி, சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ், அவ்வளவுதானே என்று தலையாட்டினேன். தலையை ஆட்டியது நான், ஆடிக்கொண்டிருப்பது என் குடும்பம்.

முதலில் வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு என்றாள், அப்புறம் சனிக்கிழமையும் என்றாள். சாப்பாட்டு மேசை முழுவதும் புத்தகம் பரவியது, நான் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகினேன். கோடையில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவனுக்கு மழைக்காலத்தில் வீட்டில் இருப்பதைத் தவிர வேறென்ன வேலை? இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஆய்வுக்கட்டுரை என்று ஒன்று வந்தது, அதோடு, ஊரே மரியாதையாகத் 'தோன்' போட்டு அழைக்கிற தோன் எலியோதோரோவும் வந்தார். சந்தைப் பக்கத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்தாரே, அவர்தான். மனைவியை இழந்தவர். பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது, ஆனால் தலைமுடி ஒன்றுகூடப் போகவில்லை. என் தலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் தங்கையின் ஆய்வு என்னவென்றால், இப்படி விழுந்தவர்களுக்குப் பொம்மைக் கட்டைகளை எடுத்து வைக்கும் பயிற்சியைக் கொடுக்காமல், அவர்கள் உயிராக நேசித்த வேலையையே திரும்பச் செய்யவைத்தால் கை சீக்கிரம் திரும்புமா என்பது. அவர் நேசித்த வேலை மாவு பிசைவது. ஆகவே உங்கள் தங்கை வாரத்தில் பாதி நாள் அவர் வீட்டு அடுக்களையில்.

திரும்பி வரும்போது அவள் மேலெல்லாம் ரொட்டி மணம். வந்து கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால், "இன்னைக்கு அவர் கட்டைவிரல் லேசா அசைஞ்சுது" என்பாள். மறுமுறை, "கட்டைவிரல் உள்பக்கமா மடங்கப் பார்க்குது" என்பாள். மச்சான், எனக்கும் இரண்டு கட்டைவிரல்கள் இருக்கின்றன. கல்யாணமான நாள் முதல் இரண்டும் ஒழுங்காக மடங்குகின்றன, நீள்கின்றன, மீனைச் சுத்தம் செய்கின்றன, கயிறு முடிச்சுப் போடுகின்றன. ஒருநாளும் அவள் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இது போதாதென்று, அந்த மனிதர் பேசுவதைப் பதிவு செய்துவந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கேட்டுத் தட்டச்சு செய்கிறாள். நடுநடுவே தானாகச் சிரித்துக்கொள்கிறாள். என்ன சொல்கிறார் என்று கேட்டால் சொல்லக்கூடாதாம், பல்கலைக்கழகத்தில் நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கிறதாம், அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாளாம். அதாவது, என் மனைவிக்கும் இன்னொரு ஆணுக்கும் நடுவே ஒரு ரகசியம் இருக்கிறது, அது எனக்குத் தெரியக்கூடாது என்று படித்தவர்கள் கூடி முத்திரை குத்தியிருக்கிறார்கள். நம் திருச்சபையில்கூட இப்படி ஒரு வசதி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதனால்தான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். ஒருநாள் காலையில் எழுந்ததும், என் வலது கை தூக்க வரவில்லை என்று சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது. அந்த ஒரு நிமிடம் நான் மகாராஜாவாக இருந்தேன் மச்சான். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சிரிக்கச் சொன்னாள், பேசச் சொன்னாள், கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டச் சொன்னாள். நான் ஞாபகமில்லாமல் இரண்டையும் நீட்டிவிட்டேன். கண்ணைத் திறந்தால் அவள் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது, கொஞ்சம் அதிகமாகவே. ஆனால் கத்தவில்லை. "சரி, சிகிச்சையை இப்பவே ஆரம்பிச்சுடலாம்" என்று சொல்லி, என் இடது கையைத் துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டு, நீங்கள் அனுப்பிய மூட்டையை என் முன்னால் இழுத்து வைத்தாள். வலது கைக்குப் பயிற்சி, யாரும் உதவக்கூடாது, அதுதான் முறை என்றாள். ஒற்றைக் கையால் உருளைக்கிழங்கு சீவியிருக்கிறீர்களா? தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு சீவ வேண்டும். அப்புறம் விறகு எடுத்துவந்தேன், பாத்திரம் கழுவினேன், தரை துடைத்தேன். மாலையில் அவள் வந்தபோது பூரண குணமாகிவிட்டதாக நானே ஒப்புக்கொண்டேன். அவள் கட்டை அவிழ்த்துவிட்டு, "இனி ஒருதரம் இப்படிப் பயமுறுத்தாதே" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது குரல் சரியாக இல்லை. அதற்கப்புறம் உருளைக்கிழங்கைப் பார்த்தாலே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை குடையை மறந்துவிட்டுப் போனாள். அதை எடுத்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்கே போனேன். குடை ஒரு சாக்கு, உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அடுக்களைக் கதவு திறந்திருந்தது. தோன் எலியோதோரோ என்னைப் பார்த்ததும் பாதி முகத்தால் சிரித்தார், மற்ற பாதி இன்னும் சிரிக்க வரவில்லை. "வாங்க, தோன் எவாரிஸ்தோ. உங்க வீட்டம்மா என்னைப் படுத்தற பாட்டை நீங்களே வந்து பாருங்க" என்றார், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. நெல்டா நாற்காலியில் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். கையைச் சும்மா விட்டால் உதவப் போய்விடுமாம். அந்த மனிதர் மேசையில் மாவைத் தள்ளுகிறார், அது வழுக்குகிறது, மறுபடி தள்ளுகிறார், நெற்றியெல்லாம் வேர்வை. மாவு உருண்டை மேசை ஓரத்துக்கு வந்துவிட்டது. நான் பாய்ந்து பிடிக்கப் போனேன். "தொடாதே" என்றாள் உங்கள் தங்கை. மாவு தரையில் விழுந்தது. "விழட்டும். எடுக்கறதும் அவர் வேலைதான்."

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நல்ல கையை அல்ல, அந்தக் கையை நீட்டினார். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. கட்டைவிரல் மடங்கியது. மாவு மேலே வந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை மச்சான், நெல்டாவின் முகத்தைப் பார்த்தேன். படகில் வைத்து அவளிடம் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேனே, அன்றைக்குக்கூட அந்த முகம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரே குடையில் வீட்டுக்கு நடக்கும்போது, அந்த ஆள் மேல் உனக்கு என்ன என்று கேட்டேவிட்டேன். அவள் கோபப்படவே இல்லை. "அவர் மேல ஒண்ணுமில்ல. போன கை திரும்பி வருது பாரு, அது மேலதான்" என்றாள். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆள் என்றால் வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்கலாம். ஒரு படிப்பின் வாசல் எங்கே இருக்கிறது, நான் எங்கே போய் நிற்பது? எனக்கு இடமே இல்லாத ஓர் இடத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆகவே சனிக்கிழமையே படகைப் பிடித்து, பேருந்தில் ஏறி வாருங்கள். வந்து, போதும் தங்கச்சி, நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் எழுதித்தான் வந்தீர்கள் என்று மட்டும் தெரியவேண்டாம்.

எர்மெலிந்தா அக்காவுக்கு என் அன்பையும், கன்றுக்குட்டிக்கு என் விசாரிப்பையும் சொல்லவும். படகுக்காரர்களைக் காக்கும் புனித பேதுரு உங்கள் கூரையையும், கொல்லையையும், கடலுக்குப் போகிற உங்கள் பிள்ளைகளையும் காப்பாராக.

தங்கள் மதிப்புக்கும் இரக்கத்துக்கும் உரிய,
எவாரிஸ்தோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நெல்டா வந்துவிட்டாள். வந்தவள் ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர், எங்கள் மகன் வயதுகூட இருக்காது, ஆய்வில் பாதியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். இது கதை மாதிரி இருக்கிறது, ஆய்வு மாதிரி இல்லை, முதலிலிருந்து எழுதுங்கள் என்றாராம். "விட்டுடறேன் எவாரிஸ்தோ. எனக்கு முடியல. உனக்குச் சந்தோஷம்தானே?" என்றாள். எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? கதையாமா? அந்த மாவு கீழே விழுந்தபோது நான் அங்கே நின்றேன். அந்த விரல் மடங்கியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். பல்கலைக்கழகத்துக்கே போய்ச் சாட்சி சொல்கிறேன் என்று செருப்பை மாட்டிவிட்டேன், அவள்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். நீ படிப்பை விட்டால் நான் வீட்டை விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேசையை அவளுக்கே துடைத்துக் கொடுத்துவிட்டேன், அவள் இன்னும் அதன் பக்கம் போகவில்லை. ஆகவே மச்சான், மேலே 'நிறுத்தச் சொல்லுங்கள்' என்று இருக்கும் இடத்திலெல்லாம் 'தொடரச் சொல்லுங்கள்' என்று படித்துக்கொள்ளவும், திருத்தி எழுத நேரமில்லை. சனிக்கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம், கடிதம் கிடைத்த கையோடு புறப்படுங்கள். வியாழக்கிழமை அவள் தோன் எலியோதோரோ வீட்டுக்குப் போவாள், படிப்பை விடப்போவதை அவரிடமும் சொல்வாள். அந்த ஆள் பேசி அவள் மனம் மாறினாள் என்று ஆகிவிட்டால், அதை மட்டும் என்னால் தாங்கவே முடியாது.