பதக்கத்துக்கு உரியவர்

ஊழியர்களின் நேர்மையை அளந்து பார்ப்பது என்று மேலிடம் தீர்மானித்தபோது நான் மனமார வரவேற்றேன். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. அந்தச் சமயத்தில் மேலிடம் எதைத் தீர்மானித்திருந்தாலும் வரவேற்றிருப்பேன்.

நாற்பத்திரண்டு பேருக்கும் படிவம் வந்தது. முதல் கேள்வி: 'பணிக்காலத்தில் எப்போதேனும் பொய் உரைத்ததுண்டா?' வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வைத்து, 'இல்லை' என்று அழகாக எழுதினேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"காய்ச்சல்னு லீவு போட்டுட்டு என் தம்பி வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சது யாரு?" என்றாள்.

பக்கத்தில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், அலுவலகத் தாளில். பிள்ளை முன்னால் போகிற மானம் மேலிடத்தின் முன்னாலேயே போகட்டும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். காய்ச்சல், தாள், பத்தரைக்கு வந்து பத்து என்று கையெழுத்துப் போட்டது. இடம் போதாமல் இணைப்பு ஒன்று வைத்தேன். அதுவும் அலுவலகத் தாள்தான்.

மூன்றாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். மற்ற நாற்பத்தோரு பேரும் 'இல்லை' என்றே எழுதியிருந்தார்களாம். ஆக, அலுவலகத்தில் ஒரே ஒரு பொய்யன் இருப்பது எழுத்துபூர்வமாக நிரூபணமாகிவிட்டது என்று வருத்தப்பட்டார். பதவி உயர்வை மறந்துவிடவும் சொன்னார்.

"உண்மையைத்தானே சார் எழுதினேன்?"

"உண்மைதான். அதை யாரு கேட்டா?"

பிறகு அவரே வழியும் சொன்னார். மனக்குழப்பத்தில், செய்யாத குற்றங்களை என் மேல் ஏற்றிக்கொண்டு தவறு செய்துவிட்டேன் என்று ஒரு கடிதம். கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். எனக்கும் முதுகெலும்பு உண்டு. குனிய வசதியாக அதில் நிறையக் கணு.

கடிதத்தைப் படித்து மேலிடம் உருகிப்போயிற்று. தன் தவற்றைத் தானே ஒப்புக்கொண்ட ஒரே ஊழியர் நான்தானாம். பதவி உயர்வோடு நேர்மைப் பதக்கமும் கிடைத்தது. விழாவில் மேலாளர் என்னைப் பத்தரை மாற்றுத் தங்கம் என்றார். வீட்டில் மனைவி பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, துணிக்கொடி ஆணியில் மாட்டினாள்.

மறு வருடம் அலுவலகமே குற்றங்களை எழுதித் தள்ளியது. 'இல்லை' என்போர் விசாரணைக்கு உள்ளாவர் என்று ஒரு சுற்றறிக்கையும் போயிற்று. புதுப் பதவியில் அதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.

கடைசி நாள், பதிவறை அம்மா வெறும் படிவத்தோடு என் முன் வந்து நின்றார். முப்பது வருடமாகப் பழைய கோப்புகளைக் காத்தவர். ஓய்வுக்கு ஐந்து மாதம்தான் இருந்தது.

"நான் பொய் சொன்னதே இல்ல சார். எதை எழுதறது?"

இந்த நேரத்தில் விசாரணை வந்தால் அவர் கதி என்ன? அவரைக் காப்பாற்றுவது என் கடமை என்று பட்டது. சாவு வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போனதாக எழுதச் சொன்னேன். அப்படியே எழுதினார். 'மேற்கண்டவை உண்மை' என்ற இடத்தில் கையெழுத்துப் போடுமுன் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் முத்திரை தேடுவதுபோல் இழுப்பறைக்குள் குனிந்துகொண்டேன்.

அந்த வருடப் பதக்கம் அவருக்கே கிடைத்தது. விழாவுக்கு அவர் வரவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சாயங்காலம் காய்கறிக் கடையில் பார்த்தேன். உற்றார் உறவு என்று யாரும் இல்லாதவர். விருந்தாளி போயாச்சா என்று கேட்டேன்.

"இப்பத்தான் பஸ் ஏத்திட்டு வரேன் சார்" என்றார், கொஞ்சமும் தடுமாறாமல்.