குளோசப் அண்ணையும் என் வீட்டுச் சக்கர நாற்காலியும்

கொழும்பில் குளோசப் அண்ணையைப்போல மனிதரை நெருங்கிப் பார்த்தவர் எவருமில்லை. கொட்டாஞ்சேனையில் அவர் எடுத்த கலியாண வீடியோக்களில் மாப்பிள்ளையின் காதுமடல் துல்லியமாகத் தெரியும். மாப்பிள்ளை யாரென்று சொந்தக்காரர்தான் சொல்லவேண்டும். கலியாண ஓடர்கள் குறைந்த பிறகு, சின்னச் சின்னத் தொண்டுச் சங்கங்களுக்கு இலவசமாகப் படமெடுக்கக் கிளம்பினார்.

வெள்ளவத்தையில் எங்களுடையதும் அப்படியொரு சங்கம். வீடுகளில் சும்மா கிடக்கும் சக்கர நாற்காலிகளை வாங்கித் திருத்தி இரவல் கொடுக்கிறோம். நான் செயலாளர்; நாள், கிழமை தவறாமல் எல்லாவற்றையும் எழுதிவைப்பவன். அந்த வாரம் கைவசம் ஒரு நாற்காலியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் திருநாளுக்குப் போக, கொட்டாஞ்சேனை பிலோமினா டீச்சர் ஒன்று கேட்டிருந்தார்.

செவ்வாய் மாலை நாலேகாலுக்கு அண்ணை எங்கள் முகநூல் பக்கத்தைப் பார்த்தார்.

"செயலாளர், இதென்ன? எல்லாப் படத்திலயும் தலைவரும் சங்கப் பேர் போட்ட பனரும் நிக்குது. சக்கரக் கதிரை எங்க?"

"தலைவருக்குப் பின்னால, அண்ணை."

"கதிரை வாங்கின ஆள்?"

"அதுக்கும் பின்னால."

"அப்ப, தலைவருக்கோ கால் ஏலாது?"

மறுநாள் காலை டீச்சரைப் படமெடுக்கப் போனார். அவர் டீச்சரின் பழைய மாணவர்.

"என்னைப் பாவமாக் காட்டினியெண்டா, முழங்காலில நிப்பாட்டுவன்," என்றாராம் டீச்சர்.

கமராவை மூடிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார். கையில் போனோடு அறையறையாக உலாவினார். புத்தக அலுமாரியைத்தான் படமெடுக்கிறார் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

வியாழன் காலை வீடியோ வெளியானது. முதலில் என் டயறிக் கட்டு. பிறகு காயப்போட்ட என் காற்சட்டை. வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணை பின்னோக்கி நடந்திருக்கிறார். படம் மெல்ல விலக, கீழே ஒரு சக்கரச் சில்லு தெரிந்தது. அம்மாவின் சக்கர நாற்காலி. அவர் காலமான பிறகு கொடுக்க மனம் வராமல் வைத்திருந்தேன். ஊரார் நாற்காலிகளையெல்லாம் பதிந்த என் பதிவேட்டில் அது மட்டும் இல்லை.

"இது எங்கட செயலாளர் வீட்டுக் கதிரை," என்றது அண்ணையின் குரல். "உங்கட வீட்டுக் கதிரையில என்ன காயுது?"

கோபத்தில் அவரை அழைத்தேன். "என்ன வேலை பாத்தனீங்கள், அண்ணை?"

"பிறகு ஏசுங்கோ. முதல்ல வாற போன் கோல்களை எடுங்கோ!"

கல்கிசையிலிருந்து ஒரு அம்மா: "தம்பி, எங்கட கதிரையில மூண்டு வருசமா மிளகாய் காயுது."

மாளிகாவத்தையிலிருந்து ஒருவர்: "எங்கட ஊட்டுலயும் ஒண்டு ஈக்கி. இப்பவே கொண்டு வாறன்."

சனிக்கிழமை எங்கள் ஒழுங்கை முழுக்க ஆட்டோக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சில்லு வெளியே நீட்டியபடி. சங்க அறைக்குள் நாற்காலிகள் நிறைந்து, தலைவருக்கு நிற்க இடமில்லை.

டீச்சருக்கு மட்டும் அவற்றில் ஒன்றையும் கொடுக்கவில்லை. டயறிகளை இறக்கி, அம்மாவின் நாற்காலியை நானே துடைத்துக் கொண்டுபோனேன்.

திருநாள் கூட்டத்தின் நடுவே மகாராணிபோல அதில் அமர்ந்திருந்த டீச்சர், "நீயும் படத்துக்கு வாடா," என்று அண்ணையை அதட்டினார். அவர் போனைத் திருப்பி வழக்கம்போல நெருங்கினார். டீச்சரின் பாதிச் சிரிப்பும் அண்ணையின் இடது புருவமும் விழுந்தன.

அண்ணையின் படமென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். டயறியில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அவரைக் காணாத வாரங்களில் அந்தப் புருவத்தை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.