எலிசாவின் பிரெஞ்சு மீன் குழம்பு

"எலிசாவே, அடுத்த மாதம் முதல் சனிக்கிழமையில் பிரெஞ்சு தேசத்து மாகாணங்களின் போஜனத்தை ஆயத்தம்பண்ணும்" என்று மிசியம்மா சொன்னதும், சமையல்காரர் எலிசாவின் கையிலிருந்த முட்டை கீழே விழுந்து உடைந்தது.

வெள்ளைக்கார மிஷனரியான மிசியம்மா தமிழ் படித்தது வேதப்புத்தகத்தில். கத்தரிக்காய் வாங்கச் சொன்னாலும் தீர்க்கதரிசி பேசுகிற மாதிரியே இருக்கும். பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் புது வார்டு கட்ட இந்தத் தர்ம விருந்து. மலை எஸ்டேட் துரைமார் குடும்பத்தோடு வந்து பிரெஞ்சுச் சாப்பாட்டையும் பாரம்பரியத்தையும் கொண்டாடப் போகிறார்களாம்.

கொண்டாடட்டும். ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன் இந்தக் குசினியில் சமைக்கும் வேலைக்கு வந்தபோது, "பாண்டிச்சேரியில் பிரெஞ்சு துரை வீட்டில் எட்டு வருஷம் இருந்தேன்" என்று எலிசா சொல்லியிருந்தார். இருந்தது சத்தியம். அங்கே அவர் வேகவைத்தது குதிரைக்குக் கொள்ளு.

"உண்மையச் சொல்லிருங்க" என்றாள் மனைவி தங்கபாய்.

"சொன்னா வேலை போவும். வேலை போனா இந்தக் காம்பவுண்டு வீடும் போவும். பிள்ளையளக் கூட்டிட்டு எங்கட்டி போய் நிக்கது?"

மறுநாள் மிசியம்மா ஒரு படப்புத்தகத்தை விரித்து, புரோவான்ஸ் மாகாணத்து மீன் குழம்பைக் காட்டினார்.

எலிசா உதட்டைப் பிதுக்கினார். "அதுக்குப் பத்து வகை மீன் வேணும்மா. நம்ம கடல்ல ஏது?"

"கலங்காதிரும்" என்ற மிசியம்மா, குளச்சல் மீன்காரர் மரியஜானுக்கு ஆள் அனுப்பினார்.

"பத்து வகையா? இருவது கொண்டாரேன்!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார் மரியஜான். எலிசாவுக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

அடுத்த சாக்கு. "பிரெஞ்சுச் சீமைக் குங்குமப்பூ இல்லாம கொதிக்கவே வைக்கப்படாதும்மா. அது பாண்டிச்சேரியிலதான் கிட்டும்."

மிசியம்மா பாண்டிச்சேரிக்குக் கடிதம் போட்டார். பத்து நாளில் பதில் வந்தது. புரோவான்ஸ்காரர் ஒரு முசே, அதாவது பிரெஞ்சு துரை, குங்குமப்பூவோடு தானே வந்து, ருசி பார்த்து, தம் மாகாணத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறாராம்.

"பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காதும்பாவ. ஒங்களுக்குப் போஜனத்தாலேயே வேலை போவப்போவுது" என்றாள் தங்கபாய். விலை கொடுத்து வினையை வாங்கிய எலிசா வெங்காயம் உரிக்கப் போனார்.

சனிக்கிழமை காலை முசே வந்து இறங்கினார். சிவந்த முகம், முறுக்கிய மீசை. ஒரு வார்த்தை பேசாமல் பொட்டலத்தை எலிசாவின் கையில் வைத்தார். பிரித்தால் அச்சு அசல் மஞ்சள் பொடி. சீமைக் குங்குமப்பூ இப்படித்தான் இருக்கும்போல என்று எலிசா நினைத்துக்கொண்டார்.

மரியஜான் கூடையை இறக்கினார். இருபது வகை.

"ஓய், ஒம்ம வீட்ல இத எப்படி வே வைப்பாவ?" என்று எலிசா கெஞ்சினார்.

"எம் பொண்டாட்டி லீமாவா? தேங்கா அரச்சு, மாங்கா வெட்டிப் போட்டு வைப்பா. வேற என்ன?"

தலைக்கு மேல் வெள்ளம், சாண் என்ன முழம் என்ன? எலிசா தேங்காயை அரைத்தார், மாங்காயைப் போட்டார், முசேயின் பொட்டலத்தைக் கொட்டினார். துரைமாரை நினைத்து மிளகாயைப் பாதியாக்கினார். "கர்த்தரே, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்று ஜெபித்துவிட்டு மேசைக்கு அனுப்பினார்.

திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். முசே ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். முசே இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு எழுந்து பிரெஞ்சில் ஏதோ முழங்கினார். துரைமார் கைதட்டினார்கள்.

மிசியம்மா முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தார். "எலிசாவே, இதுவே தம்முடைய மாகாணத்தின் மெய்யான ருசி என்று சாட்சி சொன்னார்! உம்மைக் காண வருகிறார்."

முசே குசினிக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

போச்சு. இது நம்ம ஊர் மீன் குழம்பு என்று நாக்குக்குத் தெரியாமலா போகும்? எலிசா கையெடுத்துக் கும்பிட்டார். "மாப்பு தொரே. நான் அங்க குதிரைக்குக் கொள்ளு..."

முசே பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

"மெதுவாப் பேசுங்கண்ணே! நான் பொறந்து வளந்ததெல்லாம் காரைக்கால். அந்தம்மா செய்முறைய எழுதிக் கேக்குறாங்க, சீக்கிரம் சொல்லுங்க, எங்க புரோவான்ஸ்ல இத எப்படிச் செய்வோம்?"